ஓய்வு தேடித் தீவுக்கு

ஈப்போவிலிருந்து காரில் புறப்பட்டால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் லூமுட் படகுத்துறையை அடைந்துவிடலாம். பள்ளி விடுமுறை நாள்களில் அங்கே சிறிது நேரம் நின்று பாருங்கள். பாட்டியின் கையை விடாமல் பிடித்திருக்கும் பேரன், காற்றடைத்த வளையத்தை இப்போதே இடுப்பில் மாட்டிக்கொண்ட சிறுமி, பயணச்சீட்டை எண்ணிப் பார்க்கும் அப்பா, புளிச்சோற்றுப் பாத்திரம் கவிழாமல் பார்த்துக்கொள்ளும் அம்மா என்று வரிசை நீண்டிருக்கும். எல்லாரும் பங்கோர் தீவுக்குச் செல்லும் படகுக்காகக் காத்திருக்கிறார்கள். கடலில் முப்பது, நாற்பது நிமிடப் பயணம்தான்.

இக்காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால், இரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தாவிடமோ பாட்டியிடமோ, “சிறு வயதில் விடுமுறைக்கு எந்தத் தீவுக்குப் போனீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பலர் முதலில் சிரிப்பார்கள். பிறகுதான் பதில் சொல்வார்கள்.

ஓய்வு என்பது எல்லாருக்கும் எப்போதும் கிடைத்த பொருளன்று. பால் மரம் வெட்டுபவரின் நாள் விடியும் முன்னரே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்கு முன், காற்று குளிர்ந்திருக்கும் வேளையில்தான் மரத்திலிருந்து பால் நன்றாக வடியும். எனவே, இருட்டிலேயே பெரட்டுக்கு வந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி. மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. அன்றைய வருமானமும் இல்லை. இப்படி வாழ்ந்த குடும்பத்திற்கு, இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பது என்பது இரண்டு நாள் அரிசியை விட்டுக்கொடுப்பது போன்றதாகும்.

சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்ற எண்ணமே உலகத்தில் பெரிய வயதுடையதன்று. 1936ஆம் ஆண்டில்தான் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு அதற்கென ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தத்திற்குப் பிறகு இரண்டு வார விடுமுறையைச் சட்டப்படி பெற்றார்கள். அந்தக் கோடையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்த பிரெஞ்சுத் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஆண்டு விடுமுறையை வரையறுக்கிறது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், ஐந்து ஆண்டுக்குள் என்றால் 12 நாள், அதற்கு மேல் 16 நாள். உங்கள் அப்பாவோ அம்மாவோ விடுமுறைப் பாரத்தில் கையொப்பமிட்டுவிட்டு உங்களோடு படகேறுகிறார்கள் என்றால், அந்த நாள்களுக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. தாத்தா காலத்து நாட்கூலிக் கணக்கிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் பலர் இந்த நாட்டில் முதலில் கால் வைத்த இடமும் ஒரு தீவுதான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து பினாங்கை அடைந்த தொழிலாளர்கள் உடனே தோட்டத்திற்கு அனுப்பப்படவில்லை. கொள்ளைநோய் பரவிவிடக் கூடாது என்பதற்காக, பினாங்குத் தீவை அடுத்துள்ள ஜெரஜாக் என்னும் சிறு தீவில் தங்கவைக்கப்பட்டார்கள். அங்கே நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. காத்திருப்பு நாள்கள் முடிந்த பிறகே பேராக்கிற்கும் பிற மாநிலங்களுக்கும் பயணம் தொடர்ந்தது. முன்பின் அறியாத ஊர், சுற்றிலும் கடல், அடுத்து எங்கே போகிறோம் என்பது தெரியாத நிலை. தீவு என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் மனத்தில் எழுந்த உணர்வு நம்முடையதைப் போன்றதாக இருந்திருக்காது. அதே ஜெரஜாக்கில் தொழுநோயாளர் குடியிருப்பும் இருந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையும் இருந்தது. 2004ஆம் ஆண்டில் அங்கே ஓர் உல்லாச விடுதி திறக்கப்பட்டது! தீவு மாறவில்லை; அங்கே போகிறவரின் நிலைமைதான் மாறியது.

பேராக் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் தீவுப் பயணமே செய்யாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டா. பங்கோரில், சுங்கை பினாங் கெச்சில் என்னும் ஊரில் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம் இருக்கிறது. மாசி மாதத்தில், மக நட்சத்திரமும் முழுநிலவும் கூடும் நாளையொட்டி அங்கே நடைபெறும் மாசி மகத் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவார்கள். தோட்டத்தில் பணம் சேர்த்து, வாடகைப் பேருந்து பிடித்து, லூமுட்டில் இறங்கிப் படகேறுவார்கள். நேர்த்திக்கடனைச் செலுத்திய பிறகு பிள்ளைகள் கடலில் கால் நனைக்கலாம். பெரியவர்கள் மர நிழலில் தலை சாய்க்கலாம். ‘விடுமுறைக்குப் போகிறோம்’ என்று யாரும் சொல்லவில்லை. ‘கோவிலுக்குப் போகிறோம்’ என்றுதான் சொன்னார்கள். ஆனால், திரும்பி வரும்போது நெத்திலிப் பொட்டலமும் கடல் மணலும் பையில் இருந்தன. சுற்றுலா என்ற சொல் வருவதற்கு முன்பே சுற்றுலா இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

பங்கோர் சிறிய தீவு. பரப்பளவு ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டர். படகிலிருந்து இறங்கியதும் கடற்கரை எங்கே என்று தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கும். கண்ணில் படுவன எல்லாம் மீன்பிடிப் படகுகளும் மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகளும் கருவாட்டுக் கடைகளுமே. மணற்பரப்பு வேண்டுமானால் தீவின் நடுவிலுள்ள குன்றுகளைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். இளஞ்சிவப்பு நிற வாடகை வண்டிகள் அதற்காகவே காத்திருக்கும்.

ஏன் இப்படி? தீவின் கிழக்குப் பக்கம் பெருநிலத்தை நோக்கியிருக்கிறது. இடையிலுள்ள நீர்ப்பரப்பு குறுகியது, அலை குறைவு. படகை நிறுத்தி மீனை இறக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதனால் சுங்கை பினாங், பங்கோர் பட்டணம் போன்ற மீனவர் குடியிருப்புகள் அப்பக்கத்தில் வளர்ந்தன. மேற்குப் பக்கம் மலாக்கா நீரிணையின் திறந்த கடலை எதிர்கொள்கிறது. அங்கே அலைகள் மணலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பாசிர் போகாக், தெலுக் நிப்பா ஆகிய கடற்கரைகள் அங்கேதான் உள்ளன. ஒரே தீவு, ஒரு பக்கம் வேலை செய்கிறது, மறுபக்கம் ஓய்வெடுக்கிறது.

வேலை செய்யும் பக்கத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அது இழப்புதான். பங்கோரின் நெத்திலி நாடெங்கும் பெயர் பெற்றது. பிடித்த நெத்திலியைக் கரைக்குக் கொண்டுவரும்வரை வைத்திருந்தால் கெட்டுவிடும். அவ்வளவு மென்மையான மீன். ஆகவே, படகிலேயே உப்பு நீரைக் கொதிக்கவைத்து அவித்துவிடுகிறார்கள். கரையில் உலர்த்தித் தரம் பிரிப்பது மட்டுமே மீதமிருக்கும். நம் வீட்டு நாசி லெமாக்கில் மொறுமொறுப்பாக இருக்கும் அந்தச் சிறு மீனுக்குப் பின்னால், இரவெல்லாம் விழித்திருக்கும் மீனவர் இருக்கிறார். அவருக்கும் விடுமுறை தேவை. ஆனால், அவர் விடுமுறைக்குத் தீவுக்குப் போவாரா என்பது ஐயமே!

தெலுக் கெடோங் என்னுமிடத்தில் செங்கற்கோட்டையின் எச்சம் ஒன்று நிற்கிறது. 1670ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அதைக் கட்டினார்கள். பேராக்கிலிருந்து கிடைத்த ஈயத்தைச் சேமித்துவைப்பதும், அந்த வணிகத்தைப் பிறரிடமிருந்து காப்பதும் அவர்கள் நோக்கம். 1690இல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கி அழித்தார்கள். 1743இல் மீண்டும் கட்டிய டச்சுக்காரர்கள் 1748இல் கைவிட்டுப் போனார்கள். பிற்காலத்தில் ஈப்போவை வளர்த்த அதே ஈயம், அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவின் மீது அந்நியரின் கண்ணைப் பதியவைத்துவிட்டது.

வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் பங்கோர் ஒப்பந்தமும் இங்கேதான் உருவானது. 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், தீவுக்கு அருகில் நின்ற புளூட்டோ என்னும் கப்பலில் அது கையொப்பமானது. அதன் வழி ராஜா அப்துல்லா பேராக் சுல்தானாக ஏற்கப்பட்டார். ஆங்கிலேய ரெசிடெண்ட் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டிய நிலையும் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1877இல், கோலகங்சாரில் இரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து கப்பல்கள் வந்தன. பங்கோர்க் கடலில் கால் நனைக்கும் ஒரு தமிழ்ச் சிறுவன், தன் குடும்பம் இந்த நாட்டிற்கு வந்த கதையின் முதல் பக்கத்தில் நிற்கிறான் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த ஒப்பந்தத்தால் விளைந்த வேடிக்கை ஒன்றும் உண்டு. பங்கோரும் லூமுட்டும் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றோடு நீரிணைக் குடியேற்ற மாநிலங்களில் சேர்க்கப்பட்டது. பேராக்கின் பிற பகுதிகள் சுல்தானின் பெயரில் ஆளப்பட்டன. டிண்டிங்ஸோ நேரடியான ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1935இல்தான் அது பேராக்கிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பு ஈப்போவிலிருந்து பங்கோருக்குப் போன குடும்பம், சட்டப்படி பார்த்தால், வேறோர் ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்தது. ஒரே நாளில் போய்த் திரும்பிய வெளியூர்ப் பயணம், ஒருவகையில் வெளிநாட்டுப் பயணமாகவும் இருந்திருக்கிறது. இன்று மீண்டும் ஒரு வேறுபாடு: 2020 ஜனவரி 1 முதல் பங்கோர் வரிவிலக்குத் தீவாகிவிட்டது. சாக்லெட் வாங்கப் போகும் கூட்டம் தனி.

உண்மையான வெளிநாட்டுத் தீவுக்கே போக விரும்பும் குடும்பங்களும் இப்போது பேராக்கில் கூடிவருகின்றன. அருகிலுள்ளது தாய்லாந்து. ஈப்போவில் மின்ரயிலேறிப் பாடாங் பெசாரில் இறங்கினால் எல்லை வந்துவிடும். கைக்குழந்தையாக இருந்தாலும் தனிக் கடப்பிதழ் வேண்டும். அது குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகக்கூடியதாக இருப்பது நல்லது. எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். இதை மறந்து படகுத்துறையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருப்பவர்களை நிறையவே காணலாம். முன்னதாகப் போவதில் தவறில்லை. திரும்பி வரும்போது மறப்பதுதான் ஆபத்து.

எந்தத் தீவு, எந்த மாதம் என்பதையும் வானிலையே முடிவு செய்கிறது. நவம்பரிலிருந்து ஏறத்தாழ பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் முதலிய கிழக்குக் கரைத் தீவுகளில் அப்போது பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும். மேற்குக் கரைக்கு அந்தக் காற்று அவ்வளவு வேகத்தோடு வருவதில்லை. இடையில் தித்திவங்சா மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. ஈப்போவில் காலையில் கிழக்கே பார்த்தால் நீலமாகத் தெரிகிறதே, அதே மலைதான். ஆண்டிறுதியில் பங்கோரிலும் லங்காவியிலும் குடும்பங்கள் நிறைந்து வழிவதற்கு அந்த மலைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கடல் அமைதியாகத் தோன்றினாலும் அதை முழுமையாக நம்பிவிடக் கூடாது. கரையில் மோதிய அலைகளின் நீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். சில இடங்களில் அது ஒரு குறுகிய பாதையில் கூடி, ஆறுபோல் வேகமாக வெளியே பாயும். அலைகள் உடையும் இரு பகுதிகளுக்கு நடுவில் நீர் அமைதியாக, சற்றுக் கலங்கலாகத் தெரிந்தால் அங்கே இவ்வோட்டம் இருக்கலாம். ‘அலையே இல்லை, இங்கே குளிக்கலாம்’ என்று பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான்! அதில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப்போவார். நீச்சல் வீரரையும் அது வென்றுவிடும். செய்ய வேண்டியது வேறு. பதற்றமடையாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் சிக்கியதைப் பார்த்து மற்றவர் பின்னாலேயே குதிப்பதால் ஒரே குடும்பத்தில் இருவர் உயிரிழக்கும் அவலமும் நேர்கிறது. குதிப்பதற்கு முன், மிதக்கக்கூடிய ஏதாவது ஒன்றை அவரிடம் எறியுங்கள். காலி நீர்ப்புட்டியும் காற்றடைத்த வளையமும்கூட உதவும். படகில் கொடுக்கப்படும் உயிர்காப்பு அங்கியை, படம் பிடித்து முடித்தவுடன் கழற்றிவிடுவதும் கூடாது.

தீவு நம்மிடமிருந்து எதைத் தாங்கிக்கொள்கிறது என்பது அடுத்த கேள்வி. தாய்லாந்தின் பீபீ லே தீவிலுள்ள மாயா விரிகுடா, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்தால் உலகப் புகழ் பெற்றது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் அந்தச் சிறிய மணற்பரப்பில் இறங்கினார்கள். படகுகளின் நங்கூரம் பவளப் பாறைகளை உடைத்தது. 2018 ஜூன் மாதம் தாய்லாந்து அரசு அதை மூடியது. சில மாதம் என்று தொடங்கியது, 2022 ஜனவரிவரை நீண்டது. ஆள் நடமாட்டம் நின்ற பிறகு கருமுனைச் சுறாக்கள் கரையோர நீருக்குத் திரும்பி வந்தன. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. தீவின் மறுபக்கம் இறங்கி நடந்துதான் போக வேண்டும். அதே 2018இல் பிலிப்பைன்ஸ் நாடு போராக்காய்த் தீவை ஆறு மாதம் மூடியது. விடுதிகளின் கழிவுநீர் நேராகக் கடலுக்குப் போனதே காரணம். மூடிய நாள்களில் அங்கே படகோட்டியும் உணவு விற்றும் பிழைத்தவர்கள் வருமானமின்றித் தவித்தார்கள். தீவைக் கெடுத்தவர்கள் பலர்; விலை கொடுத்தவர்கள் வேறு சிலர்.

பசிபிக் கடலிலுள்ள பலாவு என்னும் குட்டி நாடு, விருந்தினரை வாசலிலேயே நிறுத்திப் பேசுகிறது. 2017 டிசம்பர் முதல், அங்கே வருகிறவரின் கடப்பிதழில் ஓர் உறுதிமொழி முத்திரையாகப் பதிக்கப்படுகிறது. சுற்றுப்பயணி அதில் கையொப்பமிட வேண்டும். அந்த உறுதிமொழி, நாட்டின் தலைவருக்கோ அரசாங்கத்துக்கோ அளிக்கப்படுவதன்று. பலாவு நாட்டுப் பிள்ளைகளுக்கு அளிக்கப்படுவது. பவளப் பாறைக்குத் தீங்கு செய்யும் வேதிப்பொருள்கள் கலந்த வெயில் காப்புக் களிம்புகளை 2020 முதல் அந்நாடு தடைசெய்துள்ளது. 2021இல் தாய்லாந்தும் தன் கடல்சார் தேசியப் பூங்காக்களில் அத்தகைய களிம்புகளுக்குத் தடை விதித்தது. எனவே, பையில் களிம்பை வைக்கும் முன் அதன் பின்பக்கத்தைப் படிப்பது நன்று. நீண்ட கைச்சட்டையும் தொப்பியும் எந்தத் தீவிலும் தடைசெய்யப்படாதவை, விலையும் குறைவு.

பங்கோருக்குத் திரும்புவோம். தெலுக் நிப்பாவில் மாலை நேரத்தில் இருவாட்சிப் பறவைகள் கூட்டமாக வந்து மரக்கிளையிலும் மின்கம்பியிலும் உட்காரும். பெரிய மஞ்சள் அலகு. அதன் மேல் இன்னோர் அலகை வைத்தாற்போன்ற புடைப்பு. அவை முட்டையிடும் முறை விந்தையானது. பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்துகொண்டு, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு வாசலை அடைத்துவிடும். குஞ்சு வளரும்வரை ஆண்பறவைதான் உணவு தேடிக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பெருமரங்கள் இல்லையென்றால் பொந்து இல்லை. பொந்து இல்லையென்றால் இருவாட்சி இல்லை. விடுதி கட்ட மரம் வெட்டுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது. விருந்தினர் அறிந்திருக்க வேண்டியது வேறொன்று: குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால், அடுத்து வருகிறவரின் பையை அவை பிடுங்கும்.

மாலைப் படகு புறப்படும்போது பைகள் போனதைவிடக் கனமாக இருக்கும். நெத்திலி, கணவாய்க் கருவாடு, ஈரத்துணி, எங்கிருந்தோ பொறுக்கிய சிப்பி. பிள்ளைகள் அம்மாவின் தோளில் தூங்கிவிடுவார்கள். பாட்டி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, சுங்கை பினாங் கெச்சில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்புவார். “அந்தக் காலத்தில் எத்தனை பேர் வந்தோம் தெரியுமா?” என்று அவர் தொடங்கினால், கைப்பேசியைச் சற்றே கீழே வையுங்கள். லூமுட் வந்து சேர இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.